பச்சை முட்டையும் தீட்டுக் கையும்

"மேம், வீட்டுல செஞ்சா சாப்பிடலாமா?"

2025 ஏப்ரல் கடைசி வாரம், பருவத் தேர்வுக்கு முந்தைய வகுப்பு. பச்சை முட்டையில் தயாரிக்கும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை விதித்த செய்தி அந்த வாரம்தான் எல்லோர் கைப்பேசிக்கும் வந்திருந்தது. ஐந்திணையை முடிக்க வேண்டிய நேரத்தில் வகுப்பு முழுக்க ஷவர்மா, கிரில் சிக்கன், மோமோ என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "வீட்டுல அம்மா கையால செஞ்சா என்னடி ஆகப்போகுது?" என்று பக்கத்தில் இருந்தவளே பதிலும் சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மே மாதம். விளாங்குடியில் எங்கள் வீடு. பள்ளி விடுமுறை. பத்து வயது மகள் கேட்டாள் என்று மிக்ஸியில் மயோனைஸ் செய்தேன். இரண்டு முட்டை, ரீபைண்ட் எண்ணெய், பூண்டு ஒரு பல், கொஞ்சம் உப்பு, அரை மூடி எலுமிச்சை. கடையில் வாங்கினால் என்ன எண்ணெயோ என்ன முட்டையோ என்ற பயத்தில்தான் வீட்டில் செய்தேன். மதியம் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம். மீதியை எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு நான் விடைத்தாள் திருத்தப் போனேன். என் கணவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே மறந்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசையில் இருந்த அதே கிண்ணத்தில் மகள் சிப்ஸைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். மறுநாள் விடியற்காலையில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்று நாள் மருத்துவமனை, குளுக்கோஸ்.

"வெளிய எதுவும் வாங்கிக் கொடுத்தீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். "இல்ல சார், எல்லாம் நான் வீட்டுல செஞ்சதுதான்" என்று பெருமையாகச் சொன்னேன். மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா என்று வந்தபோது அந்தப் பெருமையே குற்றப்பத்திரிகை ஆனது. சோழவந்தானிலிருந்து வந்திருந்த அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து, "கையக் கழுவிட்டுத்தான் செஞ்சியாம்மா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி அடுத்ததைக் கேட்டார். "அன்னைக்கு நீ தூரமா இருந்தியா?"

கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்துக்கு முன்னால் இன்னொன்று நடந்தது. முனைவர் பட்டம் வாங்கியவள், பெண்ணுடலும் தீட்டும் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவள், அந்தக் கணத்தில் மனதுக்குள் நாள் எண்ணினேன். எண்ணிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். கிண்ணத்தை வெளியே விட்டவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் அந்த நிம்மதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கெட்டுப்போன உணவுக்குப் பெண்ணின் கையைக் காரணமாக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மயோனைஸ் அந்த வரலாற்றுக்குள் நம் ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது.

*

1993-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. விளாங்குடி அப்போது மாநகராட்சியில் இல்லை; பேரூராட்சி. 2011-ல்தான் மதுரையோடு சேர்ந்தது. திண்டுக்கல் சாலையைத் தாண்டினால் வயல் இருந்தது. வீட்டுக்கு வீடு கோழி இருந்தது. நான் பெரியவளான மறுநாள் காலையில் அப்பத்தா ஒரு நாட்டுக்கோழி முட்டையோடு வந்தாள். "அண்ணாந்து வாயத் தெற ஆத்தா, மூச்சு விடாம முழுங்கு." முட்டையைத் தட்டி வாயில் ஊற்றினாள். குமட்டி முடிப்பதற்குள் அதே முட்டை ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் ஊற்றினாள். சடங்கு முடியும்வரை தினமும் காலையில் இதுதான். மதியம் உளுந்தங்களி. இடுப்பு எலும்புக்கு வலு, கர்ப்பப்பைக்கு நல்லது என்பார்கள். தென்மாவட்டங்களில் என் வயதுப் பெண்களில் பலருக்கு இந்தக் குமட்டல் நினைவிருக்கும்.

அதே நாட்களில் வீட்டுக்குள் எனக்கு ஒரு தடையும் இருந்தது. ஊறுகாய் ஜாடிப் பக்கம் போகக் கூடாது. "தொட்டாப் பூத்துப் போகும்." சோற்றில் ஊறுகாயை யாராவது மேலிருந்து போடுவார்கள்.

பின்னாளில் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தபோதுதான் வேடிக்கை புரிந்தது. பச்சை மஞ்சள் கருவும் எண்ணெயும் சேர்ந்தால் அதுதான் மயோனைஸின் அடிப்படை. உண்மையிலேயே கிருமி இருக்க வாய்ப்புள்ள பச்சை முட்டை என் உடம்புக்குள் மருந்தாகப் போனது. உப்பும் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து கிருமி எளிதில் அண்டாத ஊறுகாயை என்னிடமிருந்து காப்பாற்றினார்கள். ஊறுகாயில் பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம் ஈரக் கரண்டி, குறைந்த உப்பு, மேலே நிற்காத எண்ணெய். இதுவும் அப்பத்தாவுக்குத் தெரியும். "ஈரக் கையோட தொடாத" என்று ஆண்களிடமும் சொல்வாள். அது அனுபவத்தில் வந்த அறிவு. தீட்டு அந்த அறிவின் மேல் ஏறி உட்கார்ந்த பழி. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

*

நம் ஊர் மூடநம்பிக்கை என்று இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குச் சொல்லப்பட்ட ஒன்று உண்டு: மாதவிடாய் நாளில் மயோனைஸ் செய்யாதே, திரிந்துபோகும். இவோன் வெர்டியே என்ற பிரெஞ்சு மானிடவியலாளர், பர்கண்டிப் பகுதியில் மினோ என்ற கிராமத்துப் பெண்களோடு பேசிப் பழகி 1979-ல் ஒரு நூல் எழுதினார். அந்தக் கிராமத்தில் பன்றி இறைச்சியை உப்பில் ஊறப்போடும் பாண்டத்தை மாதவிடாய்ப் பெண் திறக்கக் கூடாது. திறந்தால் ஆண்டு முழுவதுக்குமான இறைச்சி கெடும் என்று நம்பினார்கள். எங்கள் ஊறுகாய் ஜாடிக்கும் அந்த உப்புப் பாண்டத்துக்கும் இடையே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பழி மட்டும் ஒன்றே.

விஞ்ஞானமும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவர், மாதவிடாயில் இருந்த பணிப்பெண் தொட்ட பூக்கள் வாடியதாகக் கண்டு, பெண்ணுடலில் 'மாதவிடாய் நஞ்சு' ஒன்று சுரக்கிறது என்று எழுதினார். தொண்டை அடைப்பான் நோய்க்குச் சோதனை கண்டுபிடித்த பெரிய மருத்துவர் அவர். அந்த நஞ்சைத் தேடிப் பின்னாளில் பலர் ஆய்வு செய்தார்கள். அப்படி ஒரு நஞ்சு இல்லை.

மயோனைஸ் திரிவதற்கான காரணம் எளிது. எண்ணெயும் தண்ணீரும் தாமாக ஒட்டாது. மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் எண்ணெயின் நுண்துளிகளைச் சுற்றிக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் பிடித்து வைக்கிறது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடாமல் மொத்தமாக ஊற்றினால் பிடிமானம் விட்டுப்போகும். இன்னொரு மஞ்சள் கருவை எடுத்து, திரிந்ததைச் சிறிது சிறிதாக அதில் அடித்தால் மறுபடி சேர்ந்துவிடும். எந்த நாளில் எந்தக் கை அடித்தாலும் சேரும்.

*

திரிவது கண்ணுக்குத் தெரியும். கிருமி தெரியாது. சால்மோனெல்லா பெருகிய மயோனைஸின் நிறமும் மணமும் சுவையும் அப்படியே இருக்கும். மோந்து பார்த்துப் பழகிய நம் சமையலறை அறிவு இங்கே உதவாது.

இந்தக் கிருமியின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1885-ல் அமெரிக்காவில் அதைப் பிரித்தெடுத்தவர் தியோபால்ட் ஸ்மித். அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் டேனியல் சால்மன். பெயர் அதிகாரிக்குப் போனது. வேலை செய்தவர் ஒருவர், பெயர் வாங்குபவர் இன்னொருவர் என்பது சமையலறைக்கு மட்டும் உரியதல்ல போலும்.

அதே இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமிதான் டைபாய்டைத் தருகிறது. நியூயார்க்கில் வீடுகளில் சமையல் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண் மேரி மேலனை 1907-ல் பிடித்து ஒரு தீவில் அடைத்தார்கள். நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல் அவர் உடலில் கிருமி இருந்தது. சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1910-ல் விட்டார்கள். சமையலைத் தவிர வேறு நல்ல கூலி தரும் வேலை தெரியாத அவர் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைத்தார். 1915-ல் ஒரு பெண்கள் மருத்துவமனையில் 25 பேருக்கு நோய் வந்து, திரும்பவும் பிடிபட்டார். 1938-ல் சாகும்வரை அதே தீவு. மொத்தம் 26 ஆண்டுகள். அவரால் நோய் பரவியது, சிலர் இறந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நகரத்தில் அவரைப் போல அறிகுறியில்லாமல் கிருமி சுமந்த நூற்றுக்கணக்கானவர்கள் பிற்பாடு அடையாளம் காணப்பட்டார்கள். ஆயுள் முழுக்க அடைபட்டது ஏழைச் சமையல்காரியான மேரி. இன்றும் ஆங்கிலத்தில் நோய் பரப்புகிறவரைத் திட்ட அவர் பெயரைத்தான் எடுக்கிறார்கள்.

முட்டையில் கிருமி எப்படி வருகிறது என்பது தெளிவானது 1980-களில். ஓட்டின் மேல் ஒட்டிய எச்சத்தால் மட்டும் வருவதென்று அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியானால் கழுவினால் போதும். ஆனால் சால்மோனெல்லா எண்டெரிடிடிஸ் என்ற வகை கோழியின் முட்டைப் பையிலேயே குடியிருந்து, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும் என்பது அப்போது தெரிந்தது. அந்த முட்டையை எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு சுத்தமான கை உடைத்தாலும் கிருமி உள்ளேதான் இருக்கும்.

1988 டிசம்பரில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பேசினார். அளவை மிகைப்படுத்திவிட்டார். ஆனால் சிக்கல் பண்ணையில் இருக்கிறது என்று சுட்டியது சரி. முட்டை விற்பனை பாதிக்கு மேல் சரிந்தது. இரண்டே வாரத்தில் பதவி விலகினார். பத்தாண்டு கழித்து, 1998-லிருந்து, சிங்க முத்திரையிட்ட முட்டைகளுக்கான கோழிகளுக்கு அங்கே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 2017-ல் அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூடப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவித்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் திடீரென்று அதிகமாகக் கை கழுவத் தொடங்கியதால் இது நடக்கவில்லை. கோழியைச் சரிசெய்தார்கள்.

*

கடை மயோனைஸின் வரலாற்றிலும் ஒரு பெண் இருக்கிறார். 1756-ல் மினோர்க்கா தீவின் மஹோன் துறைமுகத்தை வென்ற பிரெஞ்சுத் தளபதியின் சமையல்காரர் கண்டுபிடித்தது என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. சான்றுள்ள கதை யூஜினியா டியூக்குடையது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிரீன்வில் நகரம், 1917. முதல் உலகப் போருக்குப் பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கு, வீட்டில் செய்த மயோனைஸ் தடவிய ரொட்டிகளை விற்றார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய ஓட்டுரிமை வந்தது 1920-ல். அவர் தொழில் அதற்கு முந்தியது. 1919-ல் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் விற்றார். ரொட்டியைவிடத் தடவியதுதான் பேசப்படுகிறது என்று புரிந்ததும் அதைப் பாட்டிலில் அடைத்தார். 1929-ல் அந்த மயோனைஸ் தொழிலை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார். அவர் பெயரில் இன்றும் அங்கே விற்கிறது.

சமையலறையிலிருந்து பாட்டிலுக்குப் போன வழியில் மயோனைஸில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, தொழிற்சாலைகள் இன்று பாஸ்டரைஸ் செய்த முட்டையைப் பயன்படுத்துகின்றன; உடைத்து ஊற்றிய முட்டையை வேகாத அளவுக்கு, 60 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சில நிமிடம் சூடாக்கிக் கிருமியை அழிக்கும் முறை அது. இரண்டு, ருசிக்காகப் பிழியும் அரை மூடி எலுமிச்சைக்குப் பதிலாக அளந்து சேர்க்கும் வினிகர். கிருமி வளர முடியாத அளவுக்குப் புளிப்பு ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தயாரிப்பிலும் அளந்து பார்க்கிறார்கள். நம் கடைகளில் அதிகம் விற்கும் முட்டையில்லாத வகையில் பால்பொருளோ சோயாவோ மாவுப்பொருளோ முட்டையின் வேலையைச் செய்கிறது. ஆகவே மூடி திறக்காத கம்பெனிப் பாட்டில், என் மிக்ஸியில் அன்று அடித்ததைவிடப் பாதுகாப்பானது. எண்ணெயும் உப்பும் உடம்புக்கு எவ்வளவு தேவை என்பது வேறு கேள்வி. கிருமியைப் பொறுத்தவரை 'அம்மா கை' தோற்றுப்போகிறது. இதை எழுதும்போது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

அப்படியானால் நம் ஊரில் நோய் எங்கிருந்து வந்தது? பாட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கடையிலிருந்து. கிரில் அடுப்பின் ஓரத்தில், பிளாஸ்டிக் டப்பாவில், காலையில் அடித்து இரவு பதினொன்று வரை வைத்திருக்கும் வெள்ளைக் குழம்பு அது. பாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாது. முட்டையும் எண்ணெயும் மலிவு. மதுரை வெயிலில் அந்த டப்பா கிருமிக்கு நல்ல விடுதி. சாதகமான சூட்டில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கிருமி இரட்டிப்பாகும்.

2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். அங்கே பாதிக்கப்பட்டவர்களிடம் கண்டது ஷிகெல்லா என்ற வேறு கிருமி. 2023 ஜனவரியில் கோட்டயத்தில் ஓர் இளம் செவிலியர், கடையில் வாங்கிய கோழி உணவைச் சாப்பிட்டு இறந்தார். அதே மாதம் கேரள அரசு பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை விதித்தது. 2023 செப்டம்பரில், தமிழ்நாட்டின் முட்டைத் தலைநகரமான நாமக்கல்லில், ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். நாற்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2024 அக்டோபரில் ஐதராபாத்தில் மோமோ சாப்பிட்ட ஓர் இளம் தாய் இறந்தார். தெலங்கானா அரசு ஓராண்டுத் தடை போட்டது. 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாட்டின் தடை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி, பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிப்பதும் சேமிப்பதும் கொண்டுசெல்வதும் விற்பதும் அந்த ஓராண்டுக்குக் குற்றம் ஆனது.

வெளியில் சாப்பிட்டு இறந்தவர்களில் ஆண்களும் உண்டு. ஆனால் பெண்ணும் சிறுமியும் இறந்தபோது மட்டும் ஒரு கேள்வி கூடவே வந்ததைக் கேட்டேன். பேருந்தில், ஆசிரியர் அறையில், எங்கள் தெருவில்: "பொம்பளப் புள்ளைக்கு ராத்திரி என்ன கடைச் சாப்பாடு? ஆத்தாக்காரி சமைச்சுப் போட மாட்டாளா?" கடைக்காரரின் டப்பா, பண்ணையின் கோழி, ஆய்வுக்கு வராத அதிகாரி எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கேள்வி ஒரு தாயின் அடுப்படிக்கு வந்து நின்றுவிடுகிறது. என்னைப் போல வீட்டிலேயே செய்துகொடுத்தவளிடம், தூரமா இருந்தியா என்று கேட்கிறது.

*

அந்தத் தடை கடைக்கானது. வீட்டு மிக்ஸிக்குள் அது வரவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் வீட்டில் கேக்கும் சாண்ட்விச்சும் செய்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். விற்றால் அவர்களுக்கும் அது பொருந்தியது. 2025-ல் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 100 ரூபாய்க் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள முடிந்தது. பதிவு எண் கையில் இருப்பது தண்டனைக்கான அடையாளம் என்று பலர் பயப்படுகிறார்கள். என் பார்வையில் அது, தொழில் செய்கிறவள் என்று அரசின் ஏட்டில் நம் பெயர் ஏறும் வழி.

இனி அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில். மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதியே போட்டேன்.

பச்சை முட்டையில் வீட்டில் செய்யாதே. நாட்டுக்கோழி முட்டை என்றாலும், அன்றைக்கு இட்டது என்றாலும் வேண்டாம். ஓட்டைக் கழுவுவது உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. முட்டை பாதுகாப்பாக வேண்டுமானால் அதன் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியானால் போதும். நம் ஊர் கலக்கியும் ஆஃப் பாயிலும் அந்தக் கணக்கில் சேராது. கர்ப்பிணி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அவையும் வேண்டாம்.

ஆசையாக இருந்தால் முட்டையில்லாமல் செய். காய்ச்சி நன்றாகக் குளிரவைத்த பால் ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு, கடுகுத்தூள், உப்பு, வினிகர். எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு மிக்ஸியில் அடித்தால் பால் புரதமே பிடித்துக்கொள்ளும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்; மீந்தால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடி. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் வைக்காதே. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம். மதுரையில் ஆண்டில் பெரும்பாலான நாட்களுக்கு ஒரு மணி நேரம்தான்.

பாட்டில் வாங்கினால் திறந்த பின் ஃபிரிட்ஜில் வை. சாப்பிட்ட கரண்டியை உள்ளே விடாதே. கோழி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று எதனோடும் கலந்த பிறகு அது பாட்டில் மயோனைஸ் இல்லை. புளிப்பு நீர்த்துப்போன இன்னொரு உணவு. கடையில் கேள்: "பாட்டிலா, நீங்களே அடிச்சதா?" கேட்பதற்குக் கூச்சப்படாதே.

சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடர்ந்து குடி. காய்ச்சல் விடாவிட்டாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ மருத்துவமனைக்குப் போ. அப்போது யார் கையால் சாப்பிட்டாய் என்று எவராவது கேட்டால், எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று பதில் சொல்.

கடைசி வரியை எழுதியதும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, "எங்கம்மா சத்துணவு சமையலர் மேம். தெனமும் நூத்தம்பது முட்டை அவிக்கிறாங்க. இதுவரைக்கும் ஒரு புள்ளைக்கு ஒண்ணும் ஆனதில்ல" என்றாள். நான் அதுவரை யோசிக்காத இடம் அது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவில் 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது; முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, இன்று பள்ளி நாள்தோறும். அத்தனை முட்டையையும் முழுசாக வேகவைத்து, உரித்து, பிள்ளைகள் தட்டில் வைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்பவர்கள். தமிழ்நாட்டில் முட்டைப் பாதுகாப்பின் வரலாறு என்று ஒன்றை எழுதினால் முதல் அத்தியாயம் அவர்களுடையதாக இருக்க வேண்டும். அவள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொன்னேன்.

அந்த ஆண்டு ஆவணியில் என் மகள் பெரியவளானாள். சோழவந்தானிலிருந்து அத்தை பத்து நாட்டுக்கோழி முட்டையும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் கொண்டுவந்தார். வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். "அத்தை, முட்டைய அவிச்சுத் தாரேன். எண்ணெயக் களியில விட்டுக் கிண்டுறேன்" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருத்துவமனைக் கட்டில் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "வலு கொறஞ்சுராதுல்ல?" என்று மட்டும் கேட்டார். "அவிச்ச முட்டைதான் அத்தை நல்லாச் செரிக்கும்" என்றேன். அது உண்மையும்கூட.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் தானே எழுந்து போய் மாங்காய் ஊறுகாய் ஜாடியை எடுத்தாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்து, "கரண்டி காய்ஞ்சிருக்கான்னு பாத்துட்டு விடு" என்றேன். அவள் கரண்டியைத் துணியில் துடைத்துவிட்டு ஜாடியைத் திறந்தாள்.

மறுநாள் என் கணவர் அதே ஜாடியில் ஈரக் கரண்டியை விட்டார். இந்த முறை கேட்டேன்.